கொரியன் புல்லைக் கேட்டது மகன், தண்ணீர் விடப் போவது அப்பா

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன எபிசோட்ல மாடித்தோட்டம் பேசினோம். இன்னைக்குத் தரைக்கு இறங்கி வருவோம். புல்தரை. அதுலயும் நர்சரிக்காரங்க கொரியன் புல்லுன்னு சொல்ற ஜோய்சியா.

நேயர் ஒருத்தர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். வளைகுடாவுல வேலை. வீடு ஏரல் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டைச் சுத்தி இருந்த செடிகொடி எல்லாம் போயிட்டு. வண்டலும் மணலுமா மேடேறிக் கிடக்கு. அப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு, அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, முன்னாலயும் பக்கவாட்டுலயும் ஆயிரம் சதுர அடி சும்மா கிடக்கு. கொரியன் புல்லைப் போட்டுருவோம்னு பாக்கேன். அப்பா காலையில வெறுங்காலோட நடக்கட்டும். துட்டு அனுப்பிருதேன். நம்ம ஊர் வெக்கைக்கு அது நிக்குமா?"

நிக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு வார்த்தைதான். ஆனா நான் அவர்கிட்ட திருப்பிக் கேட்ட கேள்வி வேற. யாரு தண்ணி விடுவா? யாரு கோரை பிடுங்குவா? இன்னைக்கு முழுக்க இதைச் சுத்திதான் பேசப் போறேன். நம்ம பக்கத்துல புதுசா வர்ற புல்தரையில பாதி, வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்க ஆசைப்பட்டு, ஊர்ல இருக்கிற பெரியவங்க சுமக்கிற புல்தரை.

முதல்ல புல்லைப் பத்திக் கொஞ்சம். ஜோய்சியா என்பது ஒரே புல் இல்லை, ஒரு குடும்பம் மாதிரி. கார்ல் ஃபான் ஸோய்ஸ் என்ற 18ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் பேர்ல வந்த பெயர் அது. இதுல மூணு வகை நமக்குப் போதும். ஜப்பானிகா வகை, ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துப் புல். இலை கொஞ்சம் அகலம், குளிரையும் தாங்கும். அமெரிக்காவுல 1951இல் வெளியிட்ட 'மேயர்' என்ற பேர்போன ரகம் இந்த ஜாதிதான். ரெண்டாவது மட்ரெல்லா, மணிலா புல்லுன்னு சொல்றாங்க. இலை நடுத்தரம். மூணாவது ரொம்ப மெல்லிசு, ஊசி மாதிரி இலை, வெட்டாம விட்டா மெத்தை மெத்தையா எழும்பும்.

நம்ம ஊர்ல பேர் ஒரே குழப்பம். ஒரு நர்சரியில கொரியன்னு தர்றதை அடுத்த நர்சரியில மெக்சிகன்னு தருவாங்க. பஃபலோ புல்லுன்னு கேட்டா அகல இலைப் புல் ஒண்ணு வரும், அது ஜோய்சியாவே இல்லை. அதனால பேரைச் சொல்லி போன்ல ஆர்டர் போடாதீங்க. நேர்ல போய்த் தடவிப் பாருங்க. ஜோய்சியா இலை விறைப்பா நிக்கும், உள்ளங்கையில லேசா குத்தும். ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தா லேசுல வராது. ஆன்லைன்ல 'கொரியன் புல் விதை'ன்னு பாக்கெட் விக்கிறாங்க, அதை விட்டுருங்க. மெல்லிலை ரகங்களை விதை போட்டு யாரும் வளர்க்கிறதில்லை, கொடித்துண்டு வச்சுத்தான் பெருக்குறாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், மட்ரெல்லா நமக்கு அந்நியப் புல் கிடையாது. இந்தியா, இலங்கைக் கடற்கரை மணல்ல தன்னால வளர்ற புல் அது. மணிலான்னு பேர் வாங்கிட்டு வந்து நம்மகிட்டயே சதுர அடிக்கணக்குல விலைக்கு நிக்குது. கடற்கரைப் புல் என்பதால உப்புத் தண்ணியைத் தாங்கும். ஏரல்ல இருந்து ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல்னு கடலைப் பார்த்துப் போகப் போக போர் தண்ணி கடுக்கும். ரோஜாவும் குரோட்டனும் இலை ஓரம் கருகுற இடத்துலகூட இந்தப் புல் நிக்கும். அதுக்காக எந்த உப்புத் தண்ணியையும் ஊத்தலாம்னு அர்த்தம் இல்லை. தண்ணியை ஒரு தடவை பரிசோதனைக்குக் கொடுங்க. வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையம் இருக்கு, வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளத்துல வேளாண்மைக் கல்லூரியும் இருக்கு, விசாரிச்சா வழி சொல்வாங்க. தண்ணியோட உப்பு அளவும், மண்ணோட கார அமில நிலையும் தெரிஞ்சா பாதிச் சந்தேகம் தீந்துரும்.

சரி, இப்ப தண்ணீர்க் கணக்கு. பேப்பர் பேனா எடுத்துக்கோங்க, இதுதான் இந்த எபிசோடோட நடுப்பகுதி.

ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா அது ஒரு லிட்டர். சித்திரை, வைகாசி வெயில்ல நம்ம பக்கம் புல்தரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தண்ணியைக் காத்துக்கு விடும்னு வச்சுக்கலாம். ஆயிரம் சதுர அடி என்பது கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். பெருக்குங்க. 465 லிட்டர். தினமும். மாடியில இருக்கிற 500 லிட்டர் டேங்க் ஏறக்குறைய காலி.

நகரத்துல ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர்னு குடிநீர்த் திட்டங்கள்ல கணக்குப் போடுவாங்க. குளிக்க, துவைக்க, சமைக்க, எல்லாம் சேர்த்து. அப்படிப் பார்த்தா ஆயிரம் சதுர அடிப் புல் மூணு பேரோட தண்ணியை விடக் கூடவே குடிக்கும். வீட்ல இருக்கிறது ரெண்டு பேர். அவங்க குடிக்கிறதை விடப் புல் அதிகம் குடிக்கும்.

இதையே 200 சதுர அடின்னு வச்சுக்கோங்க. 93 லிட்டர். பிளாஸ்டிக் குடத்துல ஆறு குடம். அது தாங்கக்கூடிய கணக்கு. மே மாசம் மின்சாரம் போனாலும், மோட்டார் மக்கர் பண்ணினாலும், பக்கத்து வீட்ல ஒரு குழாய் போட்டுச் சமாளிச்சுரலாம். 200 சதுர அடின்னா என்ன? 10 அடி அகலம், 20 அடி நீளம். ஒரு பெரியவர் போகவும் வரவும் நடக்க, ரெண்டு நாற்காலி போட்டு உக்கார, தாராளமாப் போதும். மிச்ச 800 சதுர அடியில கொய்யா, எலுமிச்சை, முருங்கை, ரெண்டு கண்ணு வாழை வைக்கலாம். மீதியைப் பெருக்கிச் சுத்தமா வச்சா அதுவும் அழகுதான். வீட்டுக்கு முன்னால வாசல்னு ஒண்ணு வேணும் இல்லையா? தண்ணி தெளிச்சுக் கோலம் போடக் கெட்டித்தரை வேணும். நெல்லோ வத்தலோ காயப்போட இடம் வேணும். அதையெல்லாம் புல்லால மூடிட்டா அம்மா எங்க போவாங்க?

இன்னொண்ணு. ஏரல்ல ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தா சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு எவ்வளவு கூட்டம் வரும்னு உங்களுக்கே தெரியும். சொந்தக்காரங்க வண்டியெல்லாம் எங்க நிக்கும்? நம்ம வீட்டுக் காலி இடத்துலதான். ஜோய்சியா மிதிபடுறதைத் தாங்கும், ஆனா கார் டயரை அல்ல. ஒரு தடவை நசுங்கின இடம் திரும்பி மூடப் பல வாரம் ஆகும். அதனால கேட்டுக்கு நேரா உள்ள இடத்தைப் புல்லுக்கு எடுக்காதீங்க. பக்கவாட்டுல, காலை வெயில் விழுற கிழக்குப் பக்கம் கிடைச்சா முதல் தரம்.

வெயில் எவ்வளவு வேணும்? நேர் வெயில் குறைஞ்சது நாலஞ்சு மணி நேரம். தென்னை நிழல் பரவாயில்லை, கீத்து வழியா வெயில் ஆடி ஆடி விழும். மாமரத்து அடியில வேண்டாம். ஆத்தூர் வெத்திலைக் கொடிக்கால்ல நிழலை எப்படி அளந்து கொடுக்கிறாங்கன்னு பார்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். நிழல்னா ஒரே நிழல் இல்லை.

அடுத்து மண். வெள்ளத்துக்கு அப்புறம் ஏரல் பக்கத்து வீடுகள்ல மண் எப்படி இருக்குன்னு தெரியாம யாரும் புல் போடக்கூடாது. அந்த டிசம்பர்ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யிற மழையை விட அது அதிகம். ஆறும் சேர்ந்து வந்தது, ஏரல் ஆத்துப் பாலம் சேதமாகி ஊர் துண்டாகி நின்னது. தண்ணி வடிஞ்சப்ப விட்டுட்டுப் போனது வெறும் வண்டல் இல்லை. ஒரு அடுக்கு மணல், அதுக்கு மேல ஒரு அடுக்கு களி, மறுபடி மணல். கடப்பாரையால ஒரு குழி போட்டு ஓரத்தைப் பாருங்க, அடை அடுக்கின மாதிரி தெரியும்.

இந்த அடுக்குதான் எமன். களி அடுக்குல தண்ணி இறங்காம நிக்கும். புல்லோட வேர் அதுவரைக்கும் போய்த் திரும்பிரும். மேல பார்த்தா ஈரம், ஆனா புல் மஞ்சள். பெரியவர் காஞ்சு போச்சோன்னு இன்னும் தண்ணி ஊத்துவார். வேர் அழுகும். அதனால 6 முதல் 8 அங்குலம் ஆழத்துக்கு மம்பட்டியால கொத்தி, அடுக்குகளை உடைச்சு, மேலயும் கீழயும் ஒண்ணாக் கலக்கணும். களி ரொம்ப இருந்தா மணல் சேர்க்கணும். வெறும் மணலா இருந்தா சலிச்ச மக்கின உரமும் கொஞ்சம் கரம்பையும் சேர்க்கணும். வெளியில இருந்து ஒரு லோடு செம்மண் அடிச்சு அந்த அடுக்குக்கு மேலயே பரப்புறது சும்மா ஜோடனை. இன்னொரு அடுக்கு சேர்ந்தது, அவ்வளவுதான்.

கொத்தும்போது மண்ணைச் சலிங்க. இதை நான் அழுத்திச் சொல்றேன். வெள்ளம் யார் வீட்டுக் கண்ணாடியை, எந்த ஓடையோட உடைமுள்ளை, எந்தக் கடையோட பாட்டிலைக் கொண்டு வந்து உங்க வீட்ல போட்டதுன்னு தெரியாது. அப்பா வெறுங்காலோட நடக்கணும்னுதானே இவ்வளவும்? சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்குப் பாதத்துல குத்தினாலே தெரியாது. புல் மூடின பிறகு ஒரு கண்ணாடிச் சில்லை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மேல் 6 அங்குல மண்ணைக் கம்பி வலையில சலிக்க ரெண்டு ஆள், ஒண்ணு ரெண்டு நாள் வேலை. துட்டு அனுப்பணும்னா அதுக்கு அனுப்புங்க.

அப்புறம் சரிவு. சுவர்ல இருந்து வெளிப்பக்கமா, 10 அடிக்கு ஒண்ணேகால் அங்குலம் இறக்கம் இருந்தாப் போதும். கண்ணுக்குத் தட்டையாத்தான் தெரியும், தண்ணிக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழையில அந்த ஒண்ணேகால் அங்குலம்தான் புல்லைக் காப்பாத்தும். தண்ணி விட்டு மண்ணை அமுக்கி, பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பி, மறுபடி தண்ணி விட்டுப் பாருங்க.

இப்பக் கோரை. நம்ம வயக்காட்டுக்காரங்களுக்குக் கோரையைப் பத்தி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மேல இலையைக் கிள்ளினா கீழ கிழங்கு சிரிக்கும். ஜோய்சியா மெதுவா ஊர்ற புல், கோரை ராத்திரியோட ராத்திரியா எழும்புற ஜாதி. ரெண்டையும் ஒண்ணா விட்டா முதல் வருஷம் கோரைதான் ஜெயிக்கும். அதனால புல் போடுறதுக்கு முன்னாலயே சண்டையை முடிக்கணும். மண் தயாரானதும் புல்லை வாங்கிராதீங்க. தண்ணி விடுங்க. பத்துப் பதினஞ்சு நாள்ல கோரை முளைச்சு வரும். ஈரம் இருக்கும்போதே கிழங்கோட தோண்டி எடுங்க. மறுபடி தண்ணி விடுங்க, மறுபடி வரும், மறுபடி எடுங்க. மூணு சுத்து. ஒன்றரை மாசம் போகும். கோரைக்கு மருந்து இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா பெரியவங்க வெறுங்காலோட நடக்குற, பேரன் பேத்தி உருளுற 200 சதுர அடிக்கு நான் அதைச் சொல்றதில்லை. கைக்கு அடங்குற இடம் இது, கையாலேயே முடியும்.

மக்காத சாணத்தைக் கொண்டு வந்து கொட்டாதீங்க. இலவசமாக் களை விதை வாங்கின மாதிரி. அதே மாதிரி, நர்சரியில புல் பாயை வாங்கும்போது பாயைத் திருப்பி அடிமண்ணைப் பாருங்க. கோரைக் கிழங்கு அங்கேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆந்திராவுல கடியம் மாதிரி ஊர்கள்ல இருந்தும் புல் பாய் லாரியில வரும். சில பாய்க்கு அடியில களிமண் ஒரு அங்குலத்துக்கு ஒட்டியிருக்கும். நம்ம மணல்ல அதை அப்படியே வச்சா, சற்று முன்னால சொன்ன அடுக்குக் கதைதான் மறுபடியும். அடிமண் மெல்லிசா இருக்கிற பாயைப் பார்த்து எடுங்க.

எப்ப போடணும்? என் தேர்வு மாசி. பொங்கல் முடிஞ்சு, பனி குறைஞ்சு, வெயில் ஏறத் தொடங்குற நேரம். ஜோய்சியா வெக்கையில வளர்ற புல், அதுக்கு அது காலை நேரம் மாதிரி. பிசானத்துக்குத் தண்ணி விட்டு வாய்க்கால் ஓடி முடிஞ்ச சமயம் என்பதால கிணறு, போர்ல மட்டமும் பரவாயில்லாம இருக்கும். சித்திரைக் கத்திரி வர்றதுக்குள்ள வேர் இறங்கியிருக்கும். ஆடியில போடலாமான்னு சிலர் கேப்பாங்க. ஆடி விதைப்புக்குச் சரி, புதுப் புல்லுக்கு அந்தக் காத்து ஆகாது. காலையில விட்ட ஈரத்தை மத்தியானத்துக்குள்ள உறிஞ்சிட்டுப் போயிரும். ஐப்பசி, கார்த்திகையில சுத்தமா வேண்டாம்.

போடுறது ரெண்டு விதம். பாயாவே விரிக்கலாம். ரெண்டு மூணு வாரத்துல வேர் பிடிக்கும், ஓரத்தைத் தூக்கிப் பார்த்தா கைக்கு வராது, அதுதான் அடையாளம். இல்லைன்னா பாயைத் துண்டு துண்டா வெட்டி நடலாம். ஒரு சதுர அடிப் பாயை ரெண்டு அங்குலச் சதுரமா வெட்டினா 36 துண்டு. அரை அடிக்கு ஒண்ணுன்னு நட்டா ஒரு சதுர அடிக்கு 4 துண்டு. 200 சதுர அடிக்கு 800 துண்டு. கணக்குப் பாருங்க, 22, 23 சதுர அடிப் பாய் வாங்கினாலே போதும். சேதாரம் சேர்த்து 25. செலவு எட்டுல ஒரு பங்கு!

கேக்க நல்லா இருக்கு இல்ல? ஆனா அந்த 800 துண்டும் கை கோத்து மூட ஒரு வருஷம் வரைக்கும் ஆகலாம். ஜோய்சியாவோட குணம் அது. அந்த ஒரு வருஷமும் நடுவுல இருக்கிற வெறும் மண்ணுல களை வந்துக்கிட்டே இருக்கும், குனிஞ்சு எடுத்துக்கிட்டே இருக்கணும். நாப்பது வயசுக்காரர் சொந்த வீட்ல ஆசையாப் போட்டா, துண்டு நடுங்கன்னுதான் சொல்வேன். எழுபது வயசு அப்பாவும் முழங்கால் வலி அம்மாவும் இருக்கிற வீட்டுக்கு, பாயா விரிங்க, இடத்தைச் சின்னதாக்குங்க. ஆயிரம் சதுர அடியில துண்டு நடுறதை விட 200 சதுர அடியில பாய் விரிக்கிறது அந்த வீட்டுக்குப் பொருந்தும். சுத்திவர ஒரு வரிசைச் செங்கலைத் தரைக்குள்ள அரை அடி இறங்குற மாதிரி பதிச்சிருங்க. வெளியில இருந்து அருகம்புல் வேர் ஓடி உள்ள வராம ஓரளவு தடுக்கும்.

அருகம்புல்லையே போட்டா என்னன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. சீக்கிரம் மூடும், மிதிச்சா சீக்கிரம் மீளும், வண்டல் மூடினாலும் துளைச்சுக்கிட்டு வரும். ஆனா அதே வேகத்துல செடிப்பாத்திக்குள்ளயும் நடைபாதை இடுக்குலயும் ஏறும், வாரம் ஒரு தடவை வெட்டச் சொல்லும். வேகம் வேணுமா, வேலை குறையணுமா? அந்த வீட்டுக்கு வேலை குறையணும். அதான் நான் ஜோய்சியா பக்கம் சாயுறேன்.

போட்ட பிறகு முதல் ரெண்டு வாரம் தினம் ரெண்டு வேளை லேசாத் தண்ணி. வேர் பிடிச்சதும் அந்தப் பழக்கத்தை விட்டுரணும். இதுதான் பெரியவங்ககிட்டச் சொல்லிப் புரியவைக்கக் கஷ்டமான இடம். சாயந்திரம் ஓஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது அவங்களுக்கு ஒரு நிம்மதி, பொழுதுபோக்கு. ஆனா தினம் கொஞ்சம் கொஞ்சம் விட்டா வேர் மேலயே கிடக்கும், ஒரு நாள் தண்ணி தப்பினா வாடும். மூணு நாளைக்கு ஒரு தடவை, காலையில, ஆழமா விடுங்க. 200 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு 280 லிட்டர். ஓஸ் எவ்வளவு ஊத்துதுன்னு தெரியணுமே? ஒரு 15 லிட்டர் வாளி எத்தனை நேரத்துல நிறையுதுன்னு பாருங்க. ஒரு நிமிஷம்னா, மொத்தம் 19 நிமிஷம். அவ்வளவுதான் கணக்கு. மழைக்காலத்துல இது ஒண்ணுமே வேண்டாம்.

புல் தாகத்தைச் சொல்லும். இலை ஓரம் சுருண்டு இன்னும் ஊசியாகும், பச்சை மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், நடந்து போன காலடி எழும்பாம அப்படியே கிடக்கும். அப்ப விட்டாப் போதும். வைகாசியில நிஜமாவே தண்ணி இல்லைன்னா, பழுப்பாக விட்டுருங்க. வாரத்துக்கு ஒரு தடவை உயிர்த்தண்ணி கொடுங்க. ஜோய்சியா உறங்கிட்டுத் திரும்பி வர்ற புல். குடிக்கிற தண்ணியை எடுத்து அதைப் பச்சையா வச்சுக்கணும்னு அவசியமே இல்லை. வளைகுடாவுல இருக்கிற தம்பிக்கு வீடியோ கால்ல பழுப்பாத் தெரிஞ்சா பதற வேண்டாம், அதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். சோப்புத்தூள் கலந்த துவைச்ச தண்ணியைப் புல்லுக்கு விடாதீங்க, அதுல இருக்கிற சோடியம் மண்ணை இறுக்கும். ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணியை நல்ல தண்ணியோட கலந்து அப்பப்ப விடலாம்.

வெட்டுறது. ஒன்றரை அங்குல உயரத்துல வச்சுக்கோங்க. 200 சதுர அடிக்கு மின்சார மூவர் வேண்டாம், கையால தள்ளுற உருளை மூவர் போதும், இல்லைன்னா வேலி வெட்டுற பெரிய கத்திரி. இலை ரொம்ப முரடு, அதனால கத்தி கூர்மையா இருக்கணும். மழுங்கினது வெட்டாது, கிழிக்கும், நுனி வெளுத்துப் போகும். வளர்ற காலத்துல ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு வெட்டுல உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. ஆறு மாசம் விட்டுட்டு ஒரே நாள்ல ஒட்டச் சிரைச்சா, பச்சையெல்லாம் போய்க் காஞ்ச தண்டுதான் மிஞ்சும். பாம்புப் பயம் இருக்கிற ஊர்ல குட்டையா வச்சுக்கிறது எல்லாருக்கும் நிம்மதியும்கூட.

ரெண்டு வருஷம் போனா அடியில சருகு கெட்டியாப் படியும். காலை வச்சா ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும். பெரியவங்களுக்குக் கால் இடறும் இடம் அது. அரை அங்குலத்துக்கு மேல போனா, பங்குனி வாக்குல இரும்பு வாரியால நல்லாக் கீறி வாரி எடுத்துட்டு, சலிச்ச மணலை மெல்லிசாத் தூவி விடுங்க.

உரம் ரொம்பக் கம்மி போதும். வருஷத்துக்கு நாலு தடவை, மாசியில இருந்து ஆவணி வரைக்கும் பிரிச்சு, தடவைக்கு 200 சதுர அடிக்கு 100 கிராம் யூரியா. மணலோட கலந்து தூவி உடனே தண்ணி விடணும், இல்லைன்னா பொட்டுப் பொட்டாக் கருகும். அதுல ரெண்டு தடவைக்குப் பதிலா சலிச்ச மண்புழு உரம் போட்டாலும் சரி. கூடுதலாப் போட்டா கூடுதலா வெட்டணும், கூடுதலாச் சருகு. நம்ம பக்கம் காரத்தன்மை உள்ள மண், தண்ணியில யூரியா போட்டும் புது இலை வெளுத்து மஞ்சளா இருந்தா, அது இரும்புச்சத்து மண்ணுல மாட்டிக்கிட்டதாலயா இருக்கலாம். அன்னபேதி உப்பு, லிட்டருக்கு 5 கிராம், சாயந்திரம் தெளிச்சுப் பாருங்க. டைல்ஸ், சிமென்ட் தரை மேல பட்டா துருக்கறை விழும், போகவே போகாது, பக்கத்துல சாக்கை விரிச்சுக்கோங்க.

கடைசியா, மறுபடி வெள்ளம் வந்தா? ஆத்துக்கரையில வீட்டை வச்சுக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேக்காம இருக்க முடியாது. தண்ணி சில நாள் நின்னா ஜோய்சியா தாங்கும். அதைக் கொல்றது தண்ணி இல்லை, மேல படியுற வண்டல். மெதுவா ஊர்ற புல் என்பதால ஒரு அங்குலத்துக்கு மேல மண் மூடினா மேல வரத் திணறும். வண்டல் காஞ்சு ஓடா வெடிக்கிறதுக்கு முன்னால, ஈரமா இருக்கும்போதே தட்டை மண்வெட்டியால வழிச்சு எடுத்து, மிச்சத்தை ஓஸ் தண்ணியில கழுவி விடணும். அப்புறம் இரும்பு முள்ளால அங்கங்க குத்திக் காத்து இறங்க விடணும். 200 சதுர அடின்னா அதை ரெண்டு ஆள் ஒரு நாள்ல முடிச்சுரலாம். ஆயிரம் சதுர அடியை, ஊரே வீட்டைக் கழுவிக்கிட்டு இருக்கிற அந்த வாரத்துல, கூலிக்கு ஆள் தேடி வழிச்சு எடுக்கிறது நடக்காது. அந்த வாரம் ஏரல்ல இருந்தவங்களுக்குத் தெரியும், குடிக்கத் தண்ணி கிடைச்சதே பெரிசு.

அந்த நேயர் பதில் அனுப்பியிருந்தார். அப்பாகிட்டப் பேசினாராம். அப்பா, "இருநூறா? நூத்தம்பது போதும்ல, அந்தப் பக்கம் ஒரு எலுமிச்சங்கண்ணு வைக்கணும்"னு சொல்லியிருக்கார். நூத்தம்பதுன்னா 70 லிட்டர், அஞ்சு குடத்துக்கும் கொஞ்சம் குறைவு. எலுமிச்சைக்குப் புல்லுக்குள்ள குழி எடுக்க வேண்டாம், ஓரத்துச் செங்கலுக்கு வெளியில வைங்க, மூணு அடியாவது தள்ளி. அதோட வேருக்கு வேற தண்ணி, வேற உரம்.

அடுத்த எபிசோட்ல எலுமிச்சையையே எடுத்துக்கலாம், இலை சுருட்டுதுன்னு நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. கேள்வி இருந்தா குரல்பதிவா அனுப்புங்க, ஊர்ப்பேரையும் தண்ணி உப்பா நல்லதாங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க.